ஆறு மிஷின் ஓடுகிற அறை

சுரேந்தர் நைரோபிக்குப் போன எட்டு மாதத்தில் மூன்று காரியங்களைத் தொடங்கியிருந்தான். ஆறு தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனி ஆரம்பித்தான். தாடி வளர்த்தான். குறைந்த பொருள்களோடு வாழ்வது எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்கு வீடியோ போட்டான். மூன்றாவதில்தான் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, "என்கிட்ட இருக்கறது ரெண்டு பேண்ட்டு, மூணு சட்டை, ஒரு தட்டு. இதுக்கு மேல மனுசனுக்கு எதுக்குங்க?" என்று கேட்பான். திருப்பூரில் மூன்று மாடி வீடும் இரண்டு காரும் வைத்திருக்கிற முதலாளிகள் கமெண்டில் கைகூப்பிய பொம்மையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அவன் மனைவி தரணி திருப்பூர் மண்ணரையில் வாடகை வீட்டில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்தாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினொரு வருடமாகச் செக்கிங் வேலை. கடைசி நான்கு வருடம் சூப்பர்வைசர். பனியனில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் திருப்பி அனுப்புகிற கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் புருசனின் வீடியோவைத் தினமும் பார்த்தாள், ஒரு ஓட்டையும் தெரியவில்லை. வந்துவிடு என்று அவன் டிக்கெட் போட்டான். வேலையை விட்டாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள் முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை விமானம், பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ.

வீட்டுச் சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்தாள். கொண்டுபோவது, வேண்டாதது, மாமியார் கேட்டது. மூன்றாவது குவியலுக்கு வாசல் போதவில்லை.

சனிக்கிழமை காலை மாமியார் வள்ளியாத்தாள் ஊத்துக்குளியிலிருந்து குட்டியானை சரக்கு வண்டியோடு வந்து இறங்கினார். பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர் எல்லாம் ஏறின.

"ஏனம்மிணி, இந்தக் கொசுவலை அங்க வேண்டாமில்ல?"

"அங்கயும் கொசு இருக்குதுங்க அத்தை."

"இருந்தா என்ன? சாமானைக் கொறைக்கோணும்னு எம்பையன் தலைதலையா அடிச்சுக்கறான், நீ கேக்கறதில்லியா?"

கொசுவலையும் ஏறியது.

"சாமியாராட்டப் பேசறான், மொதலாளியாட்டச் சம்பாதிக்கறான். ஊரே அதத்தான் பேசுது" என்று சொல்லிவிட்டு வள்ளியாத்தாள் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் சுரேந்தர் வீடியோ காலில் வந்தான்.

"எல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சுங்க" என்றாள்.

சொன்னது சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. இந்த மாதிரிச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். ரொம்ப நினைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக அவன் குரல் இப்படித்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வருகிறது. நெட்வொர்க் சரியில்லை என்று அவன் சொன்னான். அவளும் நெட்வொர்க்கைத் திட்டினாள்.

துணி இருக்கிற இடத்தில் குரல் எதிரொலிக்காது. ரோல் அடுக்கிய குடோனில் நின்று கத்தினாலும் துணி அத்தனையையும் குடித்துவிடும். இது திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத சங்கதி.

"ஏனுங்க, துணி ரோலெல்லாம் எங்க இருக்குது?"

"இதே ரூம்லதான். எனக்கு முன்னால."

"மிஷினு?"

"அதும் இங்கதான். இப்ப டீ டைம், அதான் ஓடல."

"நேத்து ஒரு மணிக்குக் கூப்பிட்டப்பவும் டீ டைமுன்னீங்க."

"இந்த ஊர்ல டீ ஜாஸ்தி குடிப்பாங்க தரணி."

"போனைத் திருப்புங்க."

"எதுக்கம்மிணி, வெளிச்சம் பத்தாது..."

"திருப்புங்க மாமா."

போன் திரும்பியது. சுவர், ஜன்னல், மறுபடி சுவர். தரையில் எண்ணெய்க் கறைகள். எண்ணிப் பார்த்தாள், ஆறு. மூலையில் பாய், அதன் மேல் இரண்டு பேண்ட், மூன்று சட்டை, ஒரு தட்டு. வீடியோவில் அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

போன் தரையையே காட்டிக்கொண்டிருக்க, குரல் மட்டும் வந்தது. "வித்துட்டேன். இங்க புதுப் பனியனை யாரும் வாங்கறதில்ல தரணி. ஐரோப்பாவுல இருந்து பழசு மூட்டை மூட்டையா வந்து எறங்குது. அங்க சனங்க ஊட்டுல சாமானைக் கொறைக்கறாங்களாம். பாதி நம்மூர்லயே தெச்சது. அதுக்கு முன்னால என்னோட பனியன் நிக்கல."

"இப்ப என்ன பண்றீங்க?"

"அந்த மூட்டையைத்தான் பிரிக்கறேன். நல்லது ஒரு பக்கம், கிழிஞ்சது ஒரு பக்கம்."

உட்கார நாற்காலி இல்லாததால் தரணி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"இதுல என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"ஒத்தையா இருக்க முடியல. நாலாயிரம் பேர் பாக்கறாங்க, பேச ஒரு ஆள் இல்ல."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"நான் வந்தா ரெண்டு தட்டாகும். வேறென்ன ஆகும்? நான் வர்லீங்க. நீங்க வாங்க."

"எந்த மூஞ்சியை வெச்சுட்டு வர்றது?"

"இருக்கற மூஞ்சியைத்தான்."

"அம்மாகிட்டச் சொல்லிராத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனாள். விட்ட இடம் நிரம்பிவிட்டது, வேண்டுமானால் புதிதாகச் சேருகிற செக்கராகச் சேரலாம் என்றார் மேனேஜர். கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசராக நின்றது கீர்த்தனா. மூன்று வருடம் முன்பு தரணியிடம் வேலை கற்ற பெண். முக்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றவள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்தாள்.

"ஃபிளைட் தள்ளிப் போயிருச்சுங்களாக்கா?"

மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேரின் கைகளும் நின்றன. ஆமாம் என்று சொன்னால் போதும், ஒரு மாதம் ஓட்டிவிடலாம். எதிரில் இருந்தவள் ஊத்துக்குளிக்காரி; இங்கே சொல்வது சாயங்கால ரயிலில் மாமியாரிடம் போய்ச் சேர்ந்துவிடும். தரணி அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் போகல. அவரு மிஷினையெல்லாம் வித்துட்டாரு. பழைய துணி பிரிக்கற எடத்துல வேலைக்கிருக்கறாரு."

கீர்த்தனாதான் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அங்க அண்ணனுக்கும் செக்கிங்தானுங்களா?"

"ஆமா" என்றாள் தரணி, முதல் பீஸை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அவரு சேந்து ரெண்டு மாசம் ஆச்சு. என்னைவிட சீனியர்."