முருகன் காலடியில் ஒரு சர்க்யூட்

1

இந்தக் கதை எனக்குச் சிவகாசி டீக்கடை ஒன்றின் சுவரில் கிடைத்தது. 2006ஆம் வருடத்துத் தினசரி காலண்டர். தாளெல்லாம் கிழிந்து தீர்ந்து வருடம் மூன்றாகியும் அட்டையை இறக்கவில்லை. முருகன் படமாயிற்றே, யார் குப்பையில் போடுவார்கள்? அவர் காலடியில் ஒரு ரேடியோ சர்க்யூட் அச்சாகியிருந்தது. சிரித்துவிட்டேன். விசாரித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

2

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ரேடியோ மெக்கானிக் அய்யாதுரை... (வேண்டாம். வெயில் ஊரில் மழையோடு ஆரம்பித்தால் எவன் நம்புவான்?)

பட்டாசு அறைக்குள் மின்சாரம் போகக் கூடாது. ஆபத்தென்றால் ஓடச் சொல்லி அலறும் வயர்லெஸ் பெட்டிக்கு பேட்டரிதான் கதி. எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்ததால் பேட்டரி சீக்கிரம் செத்தது. அய்யாதுரை பெட்டியைத் தூங்கப் பழக்கினான். நொடிக்கொரு தரம் விழித்துக் கேட்கும். ஒன்றுமில்லையென்றால் மறுபடி தூங்கும். பேட்டரி மாதக்கணக்கில் நின்றது.

வெடிக்கு மருந்து திணிக்கும் முன்பே லேபிள் அடித்துவிடுகிற ஊர் இது. அச்சகம் வைத்திருந்த மச்சான் சங்கரபாண்டியன், "ஊரே பாக்கட்டும் மாப்ளே" என்று அந்த சர்க்யூட்டைச் செயல்முறை விளக்கத்தோடு முருகன் காலண்டரில் போட்டான். அய்யாதுரை காப்புரிமைக்கு விண்ணப்பித்தது அதற்கப்புறம்தான்.

3

அதே உத்திக்கு அவனுக்கும் பின்னால் விண்ணப்பித்த சென்னைக் கம்பெனி ஒன்று, உத்தி தன்னுடையதென்று வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை பெட்டிகளை இயக்கத் தடை.

அய்யாதுரையின் வக்கீல் கேட்டார்: "விண்ணப்பத்துக்கு முந்தியே அச்சுல வந்திருந்தா அது ஊர்ச் சொத்து. ஒங்களுக்கும் கெடையாது, அவுகளுக்கும் கெடையாது. கேஸ் அன்னைக்கே முடிஞ்சிரும், தடையும் போயிரும். அப்படி எதுவும் அடிச்சீகளா?"

"இல்ல சார்" என்றான் அய்யாதுரை.

(இங்கே அவனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. திரும்பத் திரும்ப மாற்றி எழுதினேன், அதையேதான் சொல்கிறான். நான் மட்டும் என்ன, என் பேர் அச்சில் வராவிட்டால் இதை எழுதுவேனா?)

4

அவன் மனைவி பாண்டிச்செல்வி பட்டாசுக்குத் திரி வைக்கிறவள். வேலைக்கு ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன் வருமுன் கேட்டாள்: "அந்தப் பெட்டி இன்னும் ஊமையாத்தான் கெடக்கு. என்னைக்குக் கத்தும்?"

"கேஸ் முடியணும்ளா. பேரு நமக்குத்தான் வரும்."

அவள் சுவரைப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் அதே முருகன்தான்.

"ஒங்க பேரு வந்தா எனக்கும் சந்தோசந்தான். ஆனா அறைக்குள்ள உக்காந்திருக்கது நானு."

5

முடிவு ஒன்று: காலண்டரைக் கோர்ட்டில் நீட்டுகிறான். (திடீரென்று ரொம்ப நல்லவனாகிவிடுகிறான்.)

இன்னொன்று: சென்னைக் கம்பெனியின் வக்கீலே அந்த டீக்கடைக்கு வந்து, முருகனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து... (வந்தார். டீ குடித்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.)

மூன்றாவது: பாண்டிச்செல்வி இருக்கும் அறையில்... (எழுதமாட்டேன்.)

வேன் போய்விட்டது. அய்யாதுரை அட்டையை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். பரண் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. வக்கீலிடம் போக பஸ் ஏற வேண்டும். இனி நீங்கள்தான் அவனை நடத்த வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அவள் இந்நேரம் வேலைக்கு உட்கார்ந்திருப்பாள்.