மைனஸ் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டயர் வெடித்ததால். 2006 மே மாதம், கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பேருந்து எட்டயபுரத்தைத் தாண்டிச் சாய்ந்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். நிழல் என்று சொல்லும்படி ஒன்றும் தராத ஒரு வேலிக்கருவையை ஒட்டி நின்றுகொண்டு, "நாற்பது டிகிரி இருக்கும்போல" என்று பொதுவாகப் புலம்பினேன். பக்கத்தில் மகளை இடுப்பில் வைத்திருந்த பெண், "நாப்பத்தொண்ணு இருக்கும்" என்றாள். பிறகு, "நான் மைனஸ் எட்டையும் தொட்டுருக்கேன்" என்றாள்.

அடுத்த பேருந்து வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு எழுத ஆறு மாதம் பிடித்தது. முடிந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

கடலையே பார்த்திராத ஒரு கரிசல்காட்டுப் பெண், கடலை வெறும் எண்களாக

[வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அந்தப் பெண், இசக்கிசெல்வி, இடைமறித்தாள்: "கடலைப் பாக்காதவன்னு எவ சொன்னா ஒங்களுக்கு? வருசாவருசம் திருச்செந்தூர் போறோம்லா? கடல்ல முங்கி எந்திச்சுட்டுத்தான் நாழிக்கெணறுக்கே போவோம்." ஆக, அவள் கடலைப் பார்த்தவள். எனக்குத்தான் அவள் பார்க்காதவளாக இருந்தால் வசதியாக இருந்தது.]

3

2001. பசுவந்தனை ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடி. ஒன்பது கம்ப்யூட்டர்கள், இரண்டு மின்விசிறிகள். பூவனலிங்கம் அண்ணாச்சி நடத்திய டேட்டா என்ட்ரி சென்டர். வாக்காளர் பட்டியல், மின்வாரியக் கட்டண அட்டை என்று அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த மே மாதம் பதினோரு மரப்பெட்டிகள் வந்தன. வடக்கே ஏதோ ஒரு கடல் ஆய்வு அலுவலகம் அனுப்பியது. உள்ளே, இருபது வருடங்களுக்கு முன்னால் தென் துருவக் கடலுக்குப் போன ஒரு கப்பலில் கையால் எழுதிய தாள்கள். ஒவ்வொரு தாளிலும் கடலில் ஓர் இடம். அந்த இடத்தில் எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு என்று வரிசை வரிசையாக எண்கள்.

பாதித் தாள்களைக் கரையான் அரித்திருந்தது. தொட்டால் ஓரம் உதிர்ந்தது. கூட வந்த கடிதத்தில் ஒரு வரி: 'தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.' அந்த வரியின் பொருள் அங்கே அடித்துக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்கு உடனே உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. இந்த மாடியில் அடிக்கப்படுவதுதான் இனி மிஞ்சப்போவது.

ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போகாத இடம் சிவப்பாகும்.* நாகலாபுரத்துக்குப் பக்கத்துப் பட்டியிலிருந்து வந்த இசக்கிசெல்வி ஒருத்தி. அவளுக்கு இணை, கோவில்பட்டி அப்சானா.

* ஒருத்தி தவறலாம், இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுவது அபூர்வம் என்பது இதன் கணக்கு. இரண்டு பேருக்கும் ஒருவரே தவறாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தக் கணக்கில் இல்லை.

4

இரண்டாம் நாள் பூவனலிங்கம் எல்லா மேசைக்கும் வந்து ஒரு திருத்தம் சொன்னார். எண்ணுக்கு முன்னால் கிடக்கும் சின்னக் கோட்டை அடிக்க வேண்டாம்.

"மைனஸ்லா அண்ணாச்சி அது?" என்றாள் இசக்கிசெல்வி.

"பூஜ்யத்துலயே தண்ணி ஐஸாயிரும்மா. மைனஸ் ஒண்ணு புள்ளி ஏழுல எப்படித் தண்ணி இருக்கும்? எழுதுனவரு பேனாவ ஊனி இழுத்துருக்காரு. அப்படியே அடிச்சு அனுப்புனா நம்மளைத்தான் சிரிப்பாவ."

[முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன். மெல்லிய மீசை, அடிக்கடி வெற்றிலை. இசக்கிசெல்விக்குக் கோபம் வந்தது. "அவிய தப்பு செய்யணும்னு செய்யல. தப்பைத் திருத்துதோம்னு நெனச்சுத்தான் செஞ்சாவ." மீசையையும் வெற்றிலையையும் எடுத்துவிட்டேன். அவர் ஒன்பதாம் வகுப்பு அறிவியலை ஒழுங்காகப் படித்த மனிதர். சிக்கலே அதுதான்.]

இசக்கிசெல்வி கோட்டை விடவில்லை. ஏன் என்று கேட்டேன். அவளிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. "பேனா வழுக்குனா ஒரு எடத்துல வழுக்கும். நானூறு தாள்லயுமா ஒரே அளவுல வழுக்கும்?" அவ்வளவுதான்.

அவள் மைனஸோடு அடித்தாள். அப்சானா அது இல்லாமல் அடித்தாள். திரை முழுக்கச் சிவப்பு. மூன்றாம் நாள் பூவனலிங்கம் பெட்டியை இழுத்துக்கொண்டார். "நாளையிலருந்து நீ மின்வாரிய அட்டையப் பாரும்மா. இத வேற ஆளுகிட்ட குடுக்கேன்."

மதியம் சோற்று வாளியைத் திறக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்சானா கேட்டாள்: "ஏட்டி, தண்ணி மைனஸ்ல தண்ணியாவே கெடக்கணும், அவ்வளவுதான? எங்கத்தா ஐஸ் பேக்டரியில கெடக்குல்லா?"

5

இந்த இடத்தை நான் ஏழு முறை எழுதினேன். ஆறு முறையும் அழகாக வந்தது, அதனால் கிழித்தேன்.

அப்சானாவின் அத்தா குலாம் ரசூல் பாய் சேமியா ஐஸும் பால் ஐஸும் போடுகிறவர். ஊர்ப் பிள்ளைகள் முழுக்க அவருடைய குச்சி ஐஸ் தின்று வளர்ந்தவர்கள். அவருடைய கூடத்தில் தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி, மேலே பலகை மூடி. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் அச்சுகளை இறக்கினால் அச்சிலிருக்கும் பால் உறையும். சுற்றி நிற்கும் தண்ணீர் உறையாது.

மகள் இசக்கிசெல்வியையும் பூவனலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும் பாய் பலகையைத் தூக்கினார். வெள்ளைப் புகை கிளம்பிக் காலைச் சுற்றியது. வெளியே கத்திரி வெயில், தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற மதியம். பாய் கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கி, பொறுத்து, எடுத்துப் பூவனலிங்கத்திடம் நீட்டினார்.

மைனஸ் எட்டு.

"தண்ணியாத்தான இருக்கு?" என்றார் பூவனலிங்கம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல தண்ணியா இருந்தா எப்பவோ பாறையாயிருக்கும் அண்ணாச்சி. உப்பு விடாது. தொட்டுப் பாருங்க, சட்டுன்னு எடுத்துரணும்."

அவர் விரலை விட்டார், சட்டென்று எடுத்தார். இசக்கிசெல்வி மணிக்கட்டுவரை விட்டாள். முதலில் சுட்டது. குளிர் என்று தெரிவதற்கு முன்னால் நெருப்பு என்றுதான் தெரிந்தது.

இது இடுப்பளவுத் தொட்டி. அவள் அடித்த தாள்களில் கடைசி வரிசை மூவாயிரத்து எழுநூறு மீட்டர் என்றிருக்கும். பட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவள் நடந்த பாதையை அப்படியே செங்குத்தாக நிறுத்தினால் வரும் ஆழம். அத்தனையும் தண்ணீர். ஒரு கண்டத்தையே சுற்றிக்கொண்டு, இந்த நிமிடமும், உறையாமல் அசைந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு மனிதன் நின்று, கம்பியில் குப்பியை இறக்கி, காத்திருந்து, ஏற்றி, பார்த்து, எழுதியிருக்கிறான். 'இவரு என்ன கோழி கிண்டுன மாதிரி எழுதிருக்காரு' என்று மூன்று நாளாக அவள் திட்டிய எழுத்து. அந்தக் கை நடுங்கியிருக்கிறது. நடுங்கிய கையோடு, ஒரு இடத்தில்கூடத் தவறாமல், அந்தக் கோட்டை மட்டும் நேராகப் போட்டிருக்கிறது.

அவள் கையை எடுத்தாள். சிவந்திருந்தது. கண் கலங்கியதற்குக் குளிர்தான் காரணம் என்று அப்சானாவிடம் சொன்னாள்.

திரும்பும் வழியில் பூவனலிங்கம் கேட்டார்: "எத்தனை தாள் கோடு இல்லாமப் போயிருக்கு?"

"நானூத்திப் பன்னெண்டு" என்றாள் இசக்கிசெல்வி.

"எல்லாத்தையும் திருப்பி அடிப்போம். நானும் ஒரு மிஷின்ல உக்காருதேன்."

உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அடித்தார்.

6

ஒரு சிறுகதைக்கு இது போதும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இசக்கிசெல்வி வேலிக்கருவைப் பக்கத்தில் நின்று கதையை இங்கே நிறுத்தவில்லை. "முக்கியமானது இனிதான்" என்றாள்.

கடைசிப் பெட்டியில் ஒரு தாள். நூறு மீட்டரில் மைனஸ் 1.6. இருநூறில் 0.8, கோடு இல்லை. அந்தக் கடலில் அப்படித்தான். கடுங்குளிர் மேலே, அதற்கு அடியில் சற்றே சூடான தண்ணீர். நடுவில் நூற்றைம்பதாவது மீட்டர். அங்கே 0.3 இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஓட்டை. கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஓட்டைக்குள்தான்.

அப்சானா கோடு இல்லை என்றாள். இசக்கிசெல்விக்கு இருந்தது போலிருந்தது. பூவனலிங்கம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கரையான் மைனஸத் தின்னுச்சா, வெறுந்தாளத் தின்னுச்சான்னு அதைத்தான் கேக்கணும்" என்றார். பிறகு தாளை அவளிடமே கொடுத்தார். "நீயே போடும்மா. ஒன் கண்ணுதான் சரின்னு ஆயிருச்சே."

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. கோட்டுக்காகச் சண்டை போட்டபோது வராத பயம். அவள் போட்டால் அதுதான் கடல். இனி எவரும் திருப்பிப் பார்க்கத் தாள் இருக்காது. விரல் மைனஸ் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த ஆசையாகவும் இருந்தது.

வேலைக் குறிப்பில் ஒரு விதி உண்டு: வாசிக்க முடியாத இடத்தில் 99.99 போட வேண்டும். தெரியவில்லை என்று பொருள். அவள் நான்கு ஒன்பதுகளை அடித்தாள்.

"ஏட்டி, அம்புட்டு சண்ட போட்டுட்டு இப்பத் தெரியலங்கியே?" என்றாள் அப்சானா.

"அப்பத் தெரிஞ்சுச்சு. இப்பத் தெரியல."

7

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வருகிறது. [வரவில்லை. 'பெற்றுக்கொண்டோம், அடுத்து பதினாறு பெட்டிகள் வருகின்றன' என்று ஒரு கடிதம் வந்தது. வந்த பெட்டிகளையும் இவர்களே அடித்தார்கள்.]

ஆ) வயதான ஒரு விஞ்ஞானி, அந்தக் கோடுகளைப் போட்டவர், மாடிப்படி ஏறி வருகிறார். இசக்கிசெல்வி அவரிடம்

இ) அதே இடத்தில், அதே மாதத்தில் போன இன்னொரு கப்பலின் தாளைத் தேடிப் பிடித்து, 0.3க்கு முன்னால் என்ன இருந்திருக்கும் என்று நான் கண்டுபிடித்து

அந்த மூன்றாவதை அவளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அது வேற கப்பலு, வேற தண்ணிலா?" என்றாள். "அன்னைக்கு, அந்த எடத்துல, அவரு பாத்த தண்ணி எப்படி இருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்களேன்."

ஆகவே கடைசி வரியைத் தாளில் இருந்தபடியே தருகிறேன்.

150 மீட்டர்: [    ] 0.3

இடைவெளி அச்சுப்பிழை அல்ல. உங்களிடமும் பேனா இருக்கும். நான் தடுக்கப் போவதில்லை. போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருங்கள்.