ஹைட்ரஜன் தண்ணீரும் மூன்று மாதச் சராசரியும்

ஹைட்ரஜன் தண்ணீர் இயந்திரம் வந்த அன்று மிக்ஸி இடம் பெயர்ந்தது. சமையல் மேடையில் குழாய்க்கும் பிளக்குக்கும் பக்கமாக இருந்த ஒரே நல்ல இடம் அது. மிக்ஸி பிரிட்ஜின் தலைமேல் ஏறியது.

"அரைக்கணும்னா இறக்கிக்கோ. ஒரு நிமிஷ வேலை" என்றார் கணவர். அந்த ஒரு நிமிஷம் அவருடையது அல்ல.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே உயிர் பிழைத்து வருபவர். யாரையும் லேசில் நம்பாதவர். ஆனால் இயந்திரத்தை விற்ற ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அந்த ஆளுக்கு நிறுவனம் கொடுத்திருந்த பதவி டைமண்ட். வீட்டில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

இயந்திரத்தில் ஐந்து பொத்தான்கள். குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, முகம் கழுவ ஒன்று, செடிக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கென்று அடுத்த கூட்டத்தில் சொல்வதாக டைமண்ட் வாக்களித்திருந்தார். முதல் இரண்டு நாள் கணவர் செடிக்கான தண்ணீரைக் குடித்துவிட்டு, உடம்பு காற்றாட்டம் இருப்பதாகச் சொன்னார்.

மூன்றாவது வாரம் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்.

"எல்லாம் ரசாயனம். தண்ணியே பார்த்துக்கும்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவருக்கும் மருந்துக் கடைக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாது."

"எனக்கு ரத்தம் தெரியுமே."

"நீ ரத்தம் எடுக்கிறவ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவள் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். காலை ஏழு மணியிலிருந்து அவள் முன்னால் உள்ள நாற்காலியில் ஆட்கள் உட்கார்ந்து எழுந்தபடி இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு ஒற்றைச் செருப்பே போதும். மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். கணவருடைய வலது கால் கட்டைவிரலில் ஒரு மாதமாக உணர்வு குறைவு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாசற்படியில் இடித்துக்கொண்டு, வலியே இல்லாமல் நடந்து போனதை அவள் பார்த்திருந்தாள்.

டைமண்ட் ஒரு பச்சைப் பொடியும் விற்றிருந்தார். காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பின் இயந்திரத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அந்தக் கசப்பில் எதைச் சேர்த்தாலும் நாக்கு கண்டுபிடிக்காது. அந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று மருந்துக் கடையில் கேட்டாள். இந்த வகையைக் கொடுக்கலாம் என்றார்கள்.

சொல்லாமல் மருந்து கொடுப்பது தவறு என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொடித்தாள். நான்காம் நாள் சாத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளே அவர் கையில் ஊசி குத்தினாள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.4 இலிருந்து 6.8க்கு இறங்கியிருந்தது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருந்தார். ரிப்போர்ட்டில் பரிசோதித்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து போட்டாள். கணவர் அதற்குக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கல்யாணப் போட்டோ கொஞ்சம் தள்ளிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விளக்கக் கூட்டம். கீழ்வீட்டுத் தம்பதி வந்தார்கள். அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணனுக்கு இன்சுலின், தினமும் இரண்டு ஊசி. டைமண்ட் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார், மஞ்சளானது. இயந்திரத் தண்ணீரில் விட்டார், ஊதாவானது.

"ஊதான்னா நல்லதா?" என்றாள் அண்ணி.

"ரொம்ப நல்லது மேடம்."

"யார் சொன்னா?"

"மேடம், கேள்வி நேரம் கடைசியில."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, நிஜமாவே மாத்திரை இல்லாமலா?"

"கையால தொடலை மச்சான். கீழே யார் கையெழுத்துன்னு பாருங்க."

அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட, நம்ம தங்கச்சி! இவ எனக்காகக்கூட ஒரு பொய் சொன்னதில்லையே. என் மார்க்கை அப்பாகிட்ட போட்டுக் கொடுத்ததே இவதான்." பையிலிருந்து ஊசி உறையை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "இந்தா, இதைத் தூக்கிப் போடு. நாளையிலேருந்து ஊசிக்கு லீவு."

டைமண்ட் கைதட்டினார். கீழ்வீட்டுத் தம்பதியும் தட்டினார்கள். கணவருடைய முகத்தில் அப்படியொரு பூரிப்பை அவள் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

டம்ளர்த் தட்டை மேசையில் வைத்தாள். "அண்ணா, ஊசியை நிறுத்தாதே. அவர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."

"யாரு, நானா?" என்றார் கணவர்.

"நீங்கதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பச்சைப் பொடியில கலந்து நான்தான் கொடுத்தேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. டைமண்ட்தான் முதலில் சுதாரித்தார்.

"பார்த்தீங்களா! எங்க பொடி அந்த மருந்தை எவ்வளவு அழகா உள்ளே சேர்த்திருக்கு!"

"அப்போ குறைச்சது மருந்து" என்றார் அண்ணன்.

"மருந்து ஒரு துணைதான் சார்."

"அப்போ தண்ணி எதுக்கு?"

"மாத்திரை முழுங்கறதுக்கு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, ஊசி உறையை அண்ணன் பையில் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

கணவர் மறுநாள் காலையே பீரோ சாவியைத் தேடி எடுத்தார். பச்சைப் பொடி டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. இரண்டு நாள் தானே கலக்கிக் குடித்தார். அண்ணன் கால் தப்பியது, இவர் கால் மாட்டிக்கொண்டது என்று அவளுக்கு இருந்தது. நான்கு வேளை போய்விட்டன.

மூன்றாம் நாள் காலை அவர் டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை வைத்தாள்.

"என்னை ஏமாத்திட்டே."

"ஆமா."

"மூணு மாசம்."

"தொண்ணூத்திரண்டு நாள். அதுக்கு முன்னாடி நீங்க சேர்ந்தாப்போல மாத்திரை போட்டது எட்டு நாள்."

"இனிமே என் தண்ணியில நீ கை வைக்கக் கூடாது."

"வைக்கலை. அடுத்த தடவையும் ரத்தம் நான்தான் எடுப்பேன். என்ன வருதோ அதைத்தான் எழுதுவேன். அதையும் கண்ணாடி போட்டு மாட்டுங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். 6.8. பயிற்சிப் பள்ளியில் அந்த எண்ணைத் தெரியாதவர் இல்லை. கியர் மாற்றக் கற்றவர்களைவிட அதைக் கற்றவர்கள் அதிகம்.

அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, இயந்திரத் தண்ணீரை ஊற்றி விழுங்கினார்.

"டைமண்ட்கிட்ட சொல்லாதே."

"சொல்லலை."

"அடுத்த ரிப்போர்ட்ல மாத்திரை பேரை எழுதுவியா?"

"எழுதுவேன்."

"எங்கே?"

"நம்பருக்குக் கீழே."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சின்ன எழுத்துல எழுது" என்றார்.