ஓடக்காரனுக்கு மன்னிப்பு

நாலு பேர் முன்னால் என் அண்ணன் என்னை 'ரைட்டர் மேடம்' என்றுதான் கூப்பிடுவான். காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் 'பாப்பா' வரும். அன்றைக்கு அவன் அலுவலகத்துக்குள் கால் வைத்ததுமே "வா பாப்பா" என்றான். சரி, எங்கேயோ வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

"சொல்லுங்க டைரக்டர் சார்" என்றேன்.

நான் குழந்தைகளுக்கு எழுதிய மந்திர ஆற்றுக் கதை இரண்டு பாகம். முதல் பாகத்தை அவன் படமாக்கினான், ஓடோ ஓடென்று ஓடியது. இப்போது இரண்டாவதற்குத் தயாரிப்பாளர் பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறார். சுவர் முழுக்கப் பறக்கும் மீன்களின் படங்கள். மேசை நடுவில் துடுப்போடு ஒரு சின்ன ஓடம். ஏசியை வேறு பிணவறை மாதிரி வைத்திருந்தார்கள்.

முதல் புத்தகத்தில் ஓர் ஓடக்காரன் வருவான். வெள்ளத்துக்குப் பயந்து, சிறுமியை ஆற்று நடுவே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போவான். வரவே மாட்டான். இரண்டாம் பாகத்தில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பான், அவள் மாட்டேன் என்பாள். கதையே அதுதான்.

முதல் படத்தில் ஓடக்காரனாக நடித்தவர் பெரிய நட்சத்திரம். 'என் ரசிகர்கள் தாங்கமாட்டாங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், சிறுமியைத் திட்டில் விட்டுப் போகும் காட்சியையே அண்ணன் வெட்டி எறிந்தான். இரண்டாம் பாகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல்!

"இப்ப அவன் வந்து மன்னிப்புக் கேட்டா, எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்களே" என்றாள் கிராபிக்ஸ் பிரிவின் தலைவி. அந்த அறையில் புத்தகத்தைப் படித்திருந்த ஒரே ஆள் அவள். அதனாலேயே அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கிளைமாக்ஸ்ல அவ அவனைக் கட்டிப்பிடிச்சு, 'நீ ஒரு தப்பும் பண்ணலை'ன்னு சொல்லிடறா" என்றான் அண்ணன். "தியேட்டரே அழும். அந்த வசனம் மட்டும் நீ எழுதிடு பாப்பா. முடிவை மாத்தறதுக்கு உன் கையெழுத்தும் வேணும்."

எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறியது. அந்த ஓடக்காரன் யார் என்று இவனுக்குத் தெரியாதா? அப்பா கைகால் விழுந்து படுத்த சமயம், மருந்து வாங்க இருவரும் போனோம். பேருந்து நிலையத்தில் மருந்துப் பையை என் கையில் திணித்து, "இதோ வந்துடறேன்" என்று போனவன் சினிமாவில் சேர ஓடிப்போனான். எனக்குப் பன்னிரண்டு வயது. விளக்குப் போடும்வரை அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்துவிட்டது எல்லாம் நான். அப்பா செத்த பிறகுதான் ஐயா வந்தார், பெரிய மாலையோடு.

"ஒரு வழி இருக்கு" என்றேன். "வெட்டின காட்சியை இப்ப எடுங்க. அவன் அவளை விட்டுட்டு ஓடறதை ஜனங்க பாக்கட்டும். வசனத்தை நீங்களே எழுதுங்க, உங்களைவிட யாருக்கு நல்லா வரும்? அதை எடுத்தா கையெழுத்து."

அவன் முகம் சுண்டிப்போனது. "பழசையெல்லாம் இங்க கிளறாத. அது வெறும் கதை."

"வெறும் கதைன்னா உங்களுக்கு ஏன் குத்துது?"

அவன் மேசை மேலிருந்த ஓடத்தின் துடுப்பை எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். சரி என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்தக் கட்டிப்பிடிக்கிற வசனத்தை அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பேன். என் கோபம் இத்தனை வருஷமாகக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அவன் போன் அடித்தது. நட்சத்திரம். விருட்டென்று எழுந்தான்.

"ஒரு நிமிஷம் பாப்பா, இதோ வந்துடறேன்."

கிராபிக்ஸ் தலைவி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அவனுக்கு உறைக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வளைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தான். "சேச்சே, அந்தக் காட்சியெல்லாம் கிடையவே கிடையாது சார். தங்கச்சிதானே, நான் சொன்னா கேட்டுக்குவா."

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்டில் ஏறினேன். போனைக் கையால் பொத்தியபடி ஓடி வந்தான்.

"எங்க கிளம்பிட்ட? கையெழுத்து?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவனை முறை சொல்லிக் கூப்பிட்டேன்.

"இதோ வந்துடறேண்ணா."

கதவு மூடிக்கொண்டது.