வாசலில் தொங்கிய கோட்டு

பனிக்காலம் வந்தால் அச்சகத்து வாசலோர ஆணியில் ஒரே ஒரு கம்பளிக் கோட்டு தொங்கும். லாரியில் புத்தகக் கட்டு ஏற்றப் போகிறவர் யாரானாலும் அதை மாட்டிக்கொண்டு போய்வருவார். பைண்டிங் அக்கா மட்டும் அதைத் தொடமாட்டாள். அவளுக்குச் சொந்த ஸ்வெட்டர் உண்டு. மணிக்கொரு தரம் தன் பக்கத்து ஜன்னலையும் திறந்துவிடுவாள்.

மூன்று வாரத்தில் நாலு பேர் சளி, காய்ச்சல் என்று படுத்துவிட்டார்கள். போர்மேன் அக்காவிடம் எரிந்து விழுந்தார்.

"எல்லாம் நீ ஜன்னலைத் திறக்கிறதாலதான். ஊர்க்குளிர் மொத்தமும் உள்ள வந்துடுச்சு."

அக்கா பசை பிரஷைக் கீழே வைத்தாள்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடமாண்ணே? ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவ நான். ஒரு தும்மல் போட்டேனா? கோட்டை யார் யார் மாட்டினாங்களோ, அதே வரிசையில படுத்திருக்காங்க. எல்லாரும் அதுலதானே மூக்கைத் துடைக்கிறீங்க?"

"வாயில்லாத கோட்டு மேல பழி போடாதே" என்று போர்மேன் அதையே மாட்டிக்கொண்டு லாரிக்குப் போனார். குளிரில் மூக்கு ஒழுகத் திரும்பி வந்தவர், பழக்கதோஷத்தில் கோட்டின் கையால் துடைத்த பிறகுதான் அக்காவைப் பார்த்தார்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கோட்டைக் கழட்டிக் குடுங்கண்ணே, துவைச்சுப் போடுறேன். அதுக்குள்ள நீங்க லீவு லெட்டரை எழுதிடுங்க."