வீடு திரும்பிய கப்புகள்

"நீ கழுவுறேன்னுதானடி சொன்ன?" என்று தையல்கார அக்கா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, காலிமனைக் குப்பையிலிருந்து காகிதக் கப்புகள் மூன்றாவது முறையாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. வண்டிகளுக்கு வழிவிட்டு, தெருவோரமாக வரிசை குலையாமல் உருண்டு வந்தன. அவள் தங்கை கதவில் சாய்ந்துகொண்டு, "கப்பு தானா உருண்டு வந்தா அதுக்கு நான் என்னக்கா பண்றது?" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அக்கா கேட்டது அதையல்ல.

அக்கா கேட்டது மகளின் பிறந்தநாள் விருந்தைப் பற்றி. கைப்பிடிக் குப்பைகூடச் சேராமல் விருந்து வைக்கப்போவதாக, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பலூன் கிடையாது, மிச்சத் துணியில் தைத்த கொடிகள். பரிசுப் பொருளைச் சுற்றத் துணிப்பை, அதுவும் திருப்பித் தரவேண்டியது. தம்ளர்களை வீடுவீடாகக் கேட்டு வாங்கினாள். எது யாருடையது என்று மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கொரு நிறத்தில் நூல் கட்டினாள். நாங்கள் சிரித்தோம், சிரித்துக்கொண்டே கொடுத்தோம். விருந்து முடிந்ததும் மெழுகுவத்தித் துண்டுகளையும் எவனோ சட்டைப்பையில் கொண்டுவந்த மிட்டாய்க் காகிதத்தையும் உள்ளங்கையில் வைத்து மூடிக் காட்டினாள். அவ்வளவுதான் மொத்தக் குப்பை. கைதட்டினோம். அந்த வாரம் முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

தம்ளர் கழுவும் வேலையைத் தங்கையிடம் விட்டிருந்தாள். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை, இவள் ஊசி பிடித்துப் படிக்கவைத்த தங்கை. அவளோ அன்று காலையில்தான் நகப்பூச்சு போட்டிருந்தாள். கட்டுக்கட்டாகக் காகிதக் கப்பு வாங்கிவந்து, கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்குப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் காலிமனையில் வீசிவிட்டாள். தம்ளர்கள் போன மாதிரியே திரும்பி வந்தன. தையல்கார அக்காவின் நூல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சாயம் விடும் சரக்கு. அது பளிச்சென்று இருந்ததைத் தெருவே பார்த்தது. பாராட்டிய வாயால் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டோம். தெரியாதது அவள் ஒருத்திக்குத்தான்.

கப்புகள் வரத் தொடங்கியபோது, "எவ வீட்டுக் குப்பையோ வழி தவறி வருதுக்கா" என்றாள் தங்கை. அக்கா அதையும் நம்பி, இரண்டு முறை தானே வாரிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் முறை முதலில் வந்த கப்பைக் கையிலெடுத்துப் பார்த்தாள். விளிம்பில் கடித்த தடம், நடுவில் முன்பல் இல்லாத இடைவெளி. அந்தத் தெருவில் அன்றைக்கு முன்பல் விழுந்திருந்தது ஒரே பிள்ளைக்குத்தான். அதைப் பார்த்துத்தான் அந்தக் கத்தல்; கத்திய வாக்கிலேயே மகளிடம் திரும்பினாள்.

"நீயும் இதுலதான் குடிச்சியா?"

மகள் முதலில் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதேன்னு சித்தி சொன்னாங்க" என்றாள்.

அதோடு தையல்கார அக்காவின் சத்தம் நின்றது. எங்களுக்குப் பயமாக இருந்தது அப்போதுதான். கப்புகளை உள்ளே அள்ளிப்போய், குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி, அலமாரியில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். காகிதம் தண்ணீரில் ஊறிக் கிழியவேண்டும், கிழியவில்லை. அதன்பிறகு தங்கையை எதற்கும் கோபித்துக்கொள்ளவும் இல்லை, எந்த வேலைக்கும் கூப்பிடவும் இல்லை.

மறுவருடம் தங்கை ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். வண்டி கிளம்பியதும் கப்புகள் அலமாரியிலிருந்து இறங்கிப் பின்னாலேயே உருண்டன. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அங்கே மாமியார் அவற்றைத் தாண்டித்தான் வாசல் பெருக்குகிறாளாம், பழகிவிட்டதாம்.

கடித்த கப்பு மட்டும் போகவில்லை. தையல்கார அக்கா அதில் பொத்தான் போட்டுவைத்திருக்கிறாள். மகளும் வளர்ந்து, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுகிறாள். "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா" என்று அவள் சொல்லும்போது சில நாள் மேசையில் அந்தக் கப்பு உருளப் பார்க்கிறது, பொத்தான்கள் கலகலக்கின்றன. தையல்கார அக்கா கப்பின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "சரிம்மா" என்கிறாள்.