பத்துக்கு நாலு

என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் கையெழுத்து சரியில்லை என்பார். கையெழுத்தும் சரியாக இருந்துவிட்டால் ஓரத்தில் கோடு போடவில்லை என்று இரண்டு மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு திருத்த விடைத்தாள் இல்லாததால் என் சமையலைத் திருத்த ஆரம்பித்தார். நல்ல நாளில் ஐந்து. ஒரே ஒரு தடவை ஆறு போட்டார். அன்று அவர் சாப்பிட்டது பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது.

அந்த மனிதருக்கு எழுபத்து மூன்று வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டிலை விட்டு எழ வேண்டுமென்றால் முதலில் ஒருக்களித்துப் படுத்து, ஒவ்வொரு காலாகக் கீழே இறக்கி, ஒரு கையால் கட்டில் சட்டத்தையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்து அவர் நிமிர்வதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். குளியலறைக்குப் போவது வெளியூர்ப் பயணம் போல ஆகிவிட்டது. அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

முதல் டாக்டரிடம் போனோம். "வலி பத்துக்கு எத்தனைங்க?" என்று கேட்டார். நம்மவர் கூரையைப் பார்த்தார், யோசித்தார். "நாலு" என்றார். எனக்கு நாற்காலியிலிருந்து விழாத குறைதான். டாக்டருக்கோ பரம சந்தோஷம். ஒரு பொம்மை மனிதன் காலைத் தூக்குகிற பன்னிரண்டு படங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்த இரண்டாவது படத்தைச் செய்யப் போய் எங்கள் ஆள் தரையிலேயே அரை மணி நேரம் கிடந்தார்.

இரண்டாவது டாக்டரிடமும் நாலு. கிடைத்தது மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும். மூன்றாவது டாக்டர் முதுகெலும்பில் ஊசி போடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தவர், நாலைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். "நாலுதானே, இப்போதைக்கு வேணாம்."

நீ ஏனம்மா வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எல்லோர் முன்னாலும் வாத்தியாரைத் திருத்துவதா? கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடமாக நான் செய்யாத காரியம் அது. அந்த மூன்று நாலுகளிலும் எனக்கும் பங்கு உண்டு.

ஆபரேஷன் செய்து பார்க்கலாமா என்று நான் கேட்கப் போக, வீட்டில் மாநாடு கூடியது. மகள் சோபாவில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னாள். "நாலுக்குப் போய் யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களாம்மா? இந்த வயசுல கத்தி வைக்கிறது எவ்ளோ ஆபத்து!"

மாப்பிள்ளை கைபேசியில் ஒரு அட்டவணையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அத்தை, உடற்பயிற்சிதான் பெஸ்ட். மாமா மனசு வைக்கணும், அவ்வளவுதான்." தான் சாப்பிட்ட தட்டைக் குனிந்து எடுத்தறியாத பிள்ளை அது. முதுகுக்குச் சொந்தக்காரரைத் தவிர எல்லோரும் பேசி முடித்தார்கள். அவர் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, ஏதோ அடுத்த வீட்டு விவகாரம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு டாக்டர்" என்று நான்தான் அடம்பிடித்தேன். இவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்கிறவர். மகளும் கூட வந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் நம்மவர் என் தோளைப் பிடித்தபடி நடைபாதையில் நடந்தார். டாக்டர் அறை வாசலில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. திரும்பினால் அது பத்தடி பின்னால் தனியாகக் கிடக்கிறது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலால் தரையில் நடந்ததும் தெரியவில்லை அவருக்கு.  அவரை மகளிடம் விட்டுவிட்டு, போய் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"நாலு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செருப்பை டாக்டர் மேசை மேலேயே வைத்தேன். "டாக்டர், இவரு கணக்கு வாத்தியார். யாருக்கும் எட்டுக்கு மேல போட்டதே இல்ல, அதுவும் ஒரே ஒரு பிள்ளைக்கு. இவரு சொல்ற நாலை நம்பாதீங்க. இந்தச் செருப்பு கழண்டு விழுந்ததுகூட இவருக்குத் தெரியல."

"ஏய், சும்மா இரு" என்றார் அவர்.

"இருந்ததெல்லாம் போதும்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொன்னார். வலது விரல் எழுந்தது. இடது விரல் அசையவே இல்லை. நம்மவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்ன பேச்சைக் கேட்காத மாணவனைப் பார்ப்பதுபோல.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி நிதானமாகச் சொன்னார். "நரம்பு நசுங்குது. ஊசி போட்டா வலி குறையலாம், ஆனா கால் பலம் திரும்பும்னு சொல்ல முடியாது. பயிற்சி மட்டும் போதாது. ஆபரேஷன்னா, இதயத்தை முதல்ல சோதிக்கணும். நான் பார்த்த வரைக்கும் பத்துல ஏழு பேருக்கு நல்ல குணம் தெரியுது. மூணு பேருக்கு அப்படியே இருக்கும், இல்ல வேற சிக்கல் வரும். தள்ளிப்போட்டா கால் இன்னும் மோசமாகலாம். முடிவு நீங்கதான் எடுக்கணும் சார்."

"மூணு பேருக்குச் சரியாகாதாப்பா!" மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏழும்மா" என்றார் அவர். "என் கையில ஏழு வாங்கினவன் ஒருத்தன்கூடக் கெட்டுப்போகல." பேனாவை வாங்கினார். சம்மதப் படிவத்தில் ஆறாவது பத்திக்குப் பிறகு எட்டாவது பத்தி வருவதைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை நாள் காலையில் நர்ஸ் அட்டையோடு வந்தாள். "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?"

இந்த முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை. "எட்டு."

அவள் எழுதிக்கொண்டு போனாள். மாதக்கணக்காக நான் போராடி வாங்கிய நம்பர். ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டியதுதானே?  இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த மனிதர் என் சமையலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்?

"என்னங்க, நாலுன்னே சொல்லியிருக்கக் கூடாதா" என்றேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எட்டும் இல்லடி. பத்து. முதல்லருந்தே பத்துதான்."

"அப்புறம் ஏன் டாக்டர்ங்ககிட்ட எல்லாம்..."

"ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்துலயே உட்கார்ந்திருந்த."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார், அதையும் வலிக்குப் போட்டிருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவர் கையை விட்டேன்.